மூன்று விரல் அட்டை

குற்றாலச் சீசன் நினைவு ஒன்று எழுதச் சொல்லி நம் வகுப்புக் குழுவில் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. இதுவரை வந்த பதினொரு குறிப்புகளையும் படித்துவிட்டேன். ஐந்தருவியில் நனைந்தவர்கள் ஏழு பேர், மிளகாய் பஜ்ஜி தின்றவர்கள் ஐந்து பேர், குரங்கிடம் பையைப் பறிகொடுத்தவர்கள் மூன்று பேர். எல்லோரும் சந்தோஷமாக இருந்திருக்கிறீர்கள். ஒருத்தியும் ஒரு தப்பும் செய்யவில்லை. நானும் அப்படி ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேறொன்று வந்து நிற்கிறது.

என் அத்தையை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மதியம் பன்னிரண்டரைக்குத் தூக்குச்சட்டியோடு பள்ளிக்கூட கேட்டில் நிற்பாள். அவள் செய்த எலுமிச்சைச் சாதத்தை உங்களில் பாதிப் பேர் தின்றிருக்கிறீர்கள். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா அத்தை, தினமும் வெயில்ல வாறீங்களே" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். யாரென்று சொல்ல மாட்டேன். அத்தை சிரித்தாள். அவளுக்கு வேறு வேலை இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு வேறொரு குடும்பம் இருப்பது பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அத்தை சத்தம் போடவில்லை. ஒரு சூட்கேஸ், ஒரு தையல் மிஷின், ஒரு துணிப்பை நிறைய குரோஷா ஊசிகள், இவ்வளவோடு மேலகரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வந்த வருஷமே சுகர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போன அந்த ஆனி மாதம், தென்காசியில் பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையம் ஒன்றில் குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். நடத்தியவரை ஊரில் எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். மாடியில் வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். சொல்லிக்கொடுக்க வருபவளே மாடியில் தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அதற்குத் தனி அறை.

"தனிச் சாவி ஏட்டி" என்றாள் அத்தை என்னிடம். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

டீச்சரம்மா ஒரு போர்வை பின்னிக் கொண்டுவரச் சொன்னார். கம்பளி அவருடையது, வேலை அத்தையுடையது. இரண்டு முனையிலும் வளையக் குஞ்சம் வைக்க வேண்டும். குஞ்சம் என்றால் நுனி வெட்டித் தொங்கவிடுவது இல்லை. நூலை வெட்டாமல் வளையம் வளையமாக, ஒன்றை ஒட்டி ஒன்று, எல்லாம் ஒரே நீளத்தில் தொங்க வேண்டும். போர்வையை யாரும் பின்னிவிடலாம், குஞ்சத்தில்தான் கை தெரியும் என்று டீச்சரம்மா சொன்னாராம்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சுகரு இருக்கு ஒனக்கு. ஒத்தையில மயங்கிக் கெடந்தா யாரு பாப்பா?"

"ஒத்தையில எங்கண்ணே? முப்பது பிள்ளைக இருக்கு மாடியில."

"கண்ணு மங்குதுன்னு நீதான சொன்ன."

"காலையில கொஞ்சம் மங்கும். வெயில் ஏறுனா சரியாயிரும்."

"கண்ணு மங்குத தங்கச்சிய வேலைக்கு அனுப்பிட்டான்னு ஊர்க்காரன் என்னைத்தான சொல்லுவான்."

அத்தை சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு இருந்தாள். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து முடிவாகச் சொன்னார். "சரி, போர்வைய முடி. அந்தம்மா பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும். நானே கொண்டு விடுதேன். ஒரு குத்தம் சொன்னாலும் இந்தப் பேச்சு இதோட சரி. என்ன?"

"சரிண்ணே."

அம்மா காலையில் கட்ட வேண்டிய புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்தர். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். அத்தை வந்த பிறகுதான் அம்மாவால் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு பஸ் ஏற முடிந்தது. இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடிக்க வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

போர்வை இளமஞ்சள். ஓரமும் குஞ்சமும் மயில்கழுத்து நிறம். சாரல் காலத்தில் கம்பளி நூலை வைத்து வேலை செய்வது என்னவென்று பின்னியவர்களுக்குத் தெரியும். காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் அது குடித்துக்கொள்ளும். நனைந்த ஆட்டின் வாடை வரும். ஊசியில் வழுக்காமல் ஒட்டும். அத்தை தினமும் கைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு உட்காருவாள். முடிந்த பகுதியை அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியில் சுருட்டி நாடாவால் கட்டிவிட்டு, வேலை நடக்கிற முனையை மட்டும் மடியில் வைத்திருப்பாள்.

நூற்று நாற்பது வளையம் ஒரு முனைக்கு. அளவுக்கு ஓர் அட்டை. தீபாவளி வேட்டிப் பெட்டியின் அடிப்பக்கத்தை எடுத்து, அதன் மேல் தன் நடு மூன்று விரல்களையும் நெருக்கி வைத்து, இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினாள். ஓரத்தில் '3 விரல்' என்று எழுதினாள். அந்த அட்டையைப் போர்வையின் விளிம்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கம்பளி அட்டையைச் சுற்றிவரும், ஊசி அதை இழுத்து ஒரு தையலில் பூட்டும். பத்து வளையம் ஆனதும் அட்டையை உருவி அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். பிடிப்பது என் வேலை. பத்துக்கு ஒரு கோடு நோட்டில் போடுவதும் என் வேலை. அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பதும் என் வேலை.

"தொலைச்சிராத ஏட்டி."

நான் தொலைக்கிற பிள்ளை இல்லை. பென்சில் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தவள் நான். உங்களுக்கே தெரியும், கேலி செய்திருக்கிறீர்கள்.

முதல் முனை ஒரு வாரத்தில் முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தூக்கிப் பிடித்தால் நூற்று நாற்பது வளையமும் ஒரே கோட்டில் நின்றன. அத்தை அதைச் சுருட்டி வேட்டிக்குள் வைத்தாள்.

அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து சித்தி குடும்பம் வந்தது. மேலகரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இது தெரிந்ததே: அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் உறவு முழுவதும் துண்டோடு வந்து இறங்கும். சித்தி, சித்தப்பா, மூன்று பிள்ளைகள், சித்தப்பாவின் நண்பர் குடும்பம் நான்கு பேர். ஒன்பது பேருக்கு மூன்று நாள். நனைந்த துணி காயவே காயாது. கொடியில் இடம் இல்லாமல் நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி, மிதிவண்டி எல்லாவற்றிலும் ஜட்டியும் துண்டும் தொங்கும். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தைதான் ஒன்பது பேருக்கும் எங்களுக்கும் பொங்கிப் போட்டாள்.

சித்தப்பா வேட்டிச் சுருட்டைப் பார்த்துவிட்டார். "இது யாருக்கு மதினி? இந்தச் சாரலுக்கு எனக்கு ஒண்ணு பின்னித் தாங்களேன்."

"இது டீச்சரம்மாவுக்கு."

"குஞ்சம் வேண்டாம் எனக்கு. மீசையில சிக்கிரும்."

"மீசையவே குஞ்சம்னு சொல்லிக்கிட்டாப் போச்சு" என்றாள் சித்தி. அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சீசனில் அவள் நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கும்போதுதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். நான் வீட்டில் இருந்து அத்தைக்கு அட்டை பிடிப்பதாக இருந்தது. வேனில் ஓர் இடம் இருந்தது. நான் அத்தையைப் பார்த்தேன்.

"போயிட்டு வா. எனக்கும் அடுப்புல வேலை கெடக்கு. சாயங்காலம் பாத்துக்கிடலாம்."

வீட்டில் அட்டையை விட்டுப் போனால் பொருள்கள் இடம் மாறும். சித்தி பிள்ளைகள் கையில் எது கிடைத்தாலும் விசிறி ஆக்கினார்கள். அதனால் அட்டையைப் பாவாடைப் பையில் செருகிக்கொண்டேன். அதைக் காப்பாற்றத்தான் எடுத்துக்கொண்டு போனேன். இதைச் சொல்லிக்கொள்வதில் இப்போது எந்தப் பயனும் இல்லை, ஆனாலும் உண்மை.

அருவிக்குக் கீழே போனதும் அட்டையை மறந்தேன். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களில் ஏழு பேர் எழுதிவிட்டீர்கள். தலையில் தண்ணீர் விழும்போது வேறெதுவும் இருக்காது. வெளியே வந்து பாவாடையைப் பிழியும்போது பைக்குள் கை போயிற்று. அட்டை மூன்று ஏடாகப் பிரிந்து கூழாகியிருந்தது. '3 விரல்' என்று எழுதிய துண்டு என் நகத்தோடு வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து புது அட்டை செய்தேன். அதே வேட்டிப் பெட்டியின் மூடி. அத்தை செய்ததை ஒன்று விடாமல் செய்தேன். மூன்று விரலை நெருக்கி வைத்தேன். இரு பக்கமும் கோடு. ஒரு சாண் நீளம். ஓரத்தில் அவள் கையெழுத்து மாதிரியே '3 விரல்' என்று எழுதினேன். முறை சரியாக இருந்தது. விரல்கள் என்னுடையவை. பன்னிரண்டு வயது விரல்கள்.

நம் ஊரில் பூ முழத்தில் விற்கும், குழம்புக்குப் புளி உருண்டையில் அளப்பார்கள், சோற்றுக்குத் தண்ணீர் விரல்கணுவில் நிற்கும். யாருடைய முழம், யாருடைய கணு என்று ஒருவரும் கேட்டதில்லை. மூன்று விரல் என்றால் மூன்று விரல். வெட்டி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் அத்தைக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் முனையைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்தோம். விருந்தாளிகள் போய்விட்டார்கள். வீடு ஈரத்துணி வாடையோடு அமைதியாக இருந்தது. வெளியே தூறல். முப்பது வளையம் ஆனதும் அத்தை நிறுத்தினாள்.

"ஏட்டி, இந்த அட்டை ஒடுங்கலா இருக்க மாதிரி இருக்கே."

"இல்லத்தை."

"கம்பளி கொறச்சலா இழுக்கு. போன தடவ கை இன்னும் கொஞ்சம் சுத்திச்சு."

"அதே அட்டைதான் அத்தை."

அவள் அட்டையை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். அதன் மேல் தன் மூன்று விரல்களையும் வைத்தாள். விரல்கள் அட்டையை விட்டு வெளியே தெரிந்தன. நான் அதைப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை நான் செய்தது குழந்தைத்தனம். அதற்குப் பிறகு செய்தது வேறு.

அத்தை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு நாளா சட்டிபானையில கெடந்து கை ஊதிப் போச்சு போல" என்றாள். பிறகு வேட்டிச் சுருட்டை என் பக்கம் தள்ளினாள். "உள்ள கைய விட்டு அந்தப் பக்கத்து வளையத்தோட வச்சுப் பாரு. எனக்கு இந்த மழை மப்புல தெரியல. உன் கண்ணு நல்ல கண்ணு."

நாடாவைத் தளர்த்தினேன். சுருட்டுக்குள் கையை விட்டு முதல் முனையின் ஒரு வளையத்தை வெளியே இழுத்து, அட்டையின் மேல் வைத்தேன். ஒரு சுண்டுவிரல் தடிமனுக்கு அது அட்டையைத் தாண்டியது.

எனக்கு முன்னால் என்னென்ன இருந்தன என்று இப்போது வரிசைப்படுத்த முடிகிறது. முப்பது வளையத்தைப் பிரிக்க வேண்டும். அரை மணி நேரம். அட்டை நனைந்ததைச் சொல்ல வேண்டும். நான் தொலைக்கிற பிள்ளை என்று ஆகும். போலியாக எழுதிய '3 விரல்' வெளியே வரும். இவ்வளவுதான். இதைவிடப் பெரியதாக எதுவும் என்னை மிரட்டவில்லை. யாரும் என்னை அடிக்கப் போவதில்லை.

"சரியா இருக்கு அத்தை" என்றேன்.

"அப்பச் சரி" என்று ஊசியை எடுத்தாள்.

மீதி நூற்றுப் பத்து வளையத்துக்கும் அந்த அட்டையை நான் பிடித்தேன். பத்துக்கு ஒரு கோடு போட்டேன். ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். அத்தை இஸ்திரி போட்ட நீலப் புடவை கட்டிக்கொண்டாள். என்னையும் கூட்டிக்கொண்டாள், "இவதான் எனக்கு அசிஸ்டென்ட்" என்று. தென்காசியில் இறங்கியதும் முதலில் கோயில். கோபுர வாசலில் எப்போதும் போல் காற்று ஆளைத் தள்ளியது. அத்தை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டீச்சரம்மா மென்மையானவர். நாற்காலி போடச் சொன்னார், எனக்குக் கடலைமிட்டாய் கொடுத்தார். போர்வையை மேஜையில் விரித்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முடிச்சுகளைத் தேடினார், கிடைக்கவில்லை.

"முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியல. ரொம்ப நாளா இப்படி ஒரு வேலைய நான் பாக்கலம்மா."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கடலைமிட்டாயை வாயில் வைத்திருந்தேன், மெல்லவில்லை.

டீச்சரம்மா போர்வையை மடித்தார். எல்லோரும் மடிப்பது போல, முனையோடு முனை சேர்த்து. குஞ்சத்தின் மேல் குஞ்சம் விழுந்தது. மேலே விழுந்தது இரண்டாம் முனை. அதற்குக் கீழே, நூற்று நாற்பது வளையத்தின் நுனிகள் நீல வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவர் கையால் நீவிப் பார்த்தார். ஒருவேளை மடிப்பு சரியில்லையோ என்று விரித்து மறுபடி மடித்தார். அதேதான்.

"ரெண்டு பக்கமும் நீங்க போட்டதுதானா?"

"நான்தான் போட்டேன்" என்றாள் அத்தை. "ஒரே அட்டைதான்."

அவள் கை வந்து வளையங்களின் மேல் போயிற்று. மேலே உள்ளதைத் தொட்டது, கீழே உள்ளதைத் தொட்டது. அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்த தெருவில் வீட்டைக் காணாமல் நிற்பவள் போல இருந்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "அவளுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்ங்க. சுகரு இருக்கு." அதை அவர் அத்தைக்கு உதவியாகத்தான் சொன்னார். வேலையில் குற்றம் இல்லை, உடம்பில்தான் என்று.

"அப்படியா" என்றார் டீச்சரம்மா. "வேலை அருமையான வேலைம்மா. ஆனா பிள்ளைகளுக்கு அளவு சொல்லிக்குடுக்கணும்லா. கண்ண ஒருதரம் டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க. பொறவு பாப்போம்."

இந்தக் கடைசி வார்த்தைகளை நான் பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டிவிட்டு வாருங்கள் என்றார். அந்த அறையில் இருந்த எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அப்பாவுக்குக் குற்றம் சொன்னது போதுமாக இருந்தது. அத்தைக்குத் தன் கை போய்விட்டது. எனக்கு எப்போது வெளியே போவோம் என்றிருந்தது.

பஸ்ஸில் அத்தையும் நானும் ஒரே இருக்கை. அப்பா முன்னால் நின்றார். குற்றாலத்துக்குப் போகிற கூட்டம், எண்ணெய்ப் பாட்டிலும் பிளாஸ்டிக் வாளியுமாக.

"நீ வச்சுப் பாத்தல்லா ஏட்டி?" அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பாத்தேன் அத்தை."

"சரியா இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சு."

"அப்பம் பொறவு போட்டதுலதான் போயிருக்கு" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நூற்று நாற்பது வளையமும் ஒரே அளவில் குறைந்திருந்ததை அவள் கையே தொட்டுப் பார்த்திருந்தது. ஆனால் என் வார்த்தைக்காகத் தன் கையைத் தள்ளி வைத்தாள். திங்கட்கிழமை நான் சொன்ன பொய்யைவிட இந்தப் பொய்தான் எனக்கு இன்றும் பெரியதாகத் தெரிகிறது. அப்போது சொல்லியிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். டீச்சரம்மா இன்னும் அந்த நாற்காலியில்தான் இருந்திருப்பார்.

வீட்டில் அப்பா ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "இங்கனயே இரு. பிள்ளையப் பாத்துக்கோ. உனக்கு என்ன கொறச்சல்" என்றார். அம்மா அன்று அத்தைக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாள். அம்மா அடுப்பில் நின்றதை அந்த மாதத்தில் நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள் திரும்பவும் அத்தை.

குரோஷா ஊசிப் பை பரணுக்குப் போயிற்று. ஒரு தடவை கேட்டேன், ஒரு ஸ்வெட்டர் பின்னித் தரச் சொல்லி. அப்படிக் கேட்க எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "கைய நம்ப முடியலட்டி" என்றாள்.

அடுத்த வருஷம் மேலகரத்தில் ஒரு இலவசக் கண் முகாம் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணையாகப் போன அத்தையையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி போட்டால் போதும் என்றார்கள். அவ்வளவுதான் இருந்திருக்கிறது. கண்ணாடி வந்த அன்று சமையலறை வாசலில் நின்று நாள்காட்டியைக் கையில் பிடித்து அதில் இருந்த சின்ன எழுத்தைப் படித்துக் காட்டினாள். யாரும் டீச்சரம்மாவைப் பற்றிப் பேசவில்லை. அங்கே ஏற்கெனவே வேறொருத்தி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எனக்குக் கிடைத்தவை: ஆறு வருஷம் சூடான மதியச் சாப்பாடு. பரீட்சை நாட்களில் தலைக்கு எண்ணெய். கல்லூரி விடுதிக்குப் போகும்போது பொடி, ஊறுகாய், மடித்து வைத்த துணி. அம்மாவுக்குக் கிடைத்தது இரண்டு பதவி உயர்வு. அப்பாவுக்கு, நேரத்துக்கு எல்லாம். எங்கள் வீட்டில் எல்லோரும் அவளுக்கு நன்றியோடு இருந்தோம். அவள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று விருந்தாளிகளிடம் சொல்வோம். அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

இப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு கருவி கீழே விழுந்தால், அதை வைத்து அளந்த எல்லாப் பொருளையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. புதிதாக வருகிறவர்களிடம், விழுந்ததை மறைத்தவர்களைத்தான் வேலையை விட்டு எடுப்போம், விழவிட்டவர்களை இல்லை என்று சொல்வேன்.

போன மாதம் நான்கு நாள் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா பண்பொழிக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அத்தை பின்வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு. மணி மூன்றரை இருக்கும். எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அருவியில் தொடங்கி, பஸ் வரைக்கும், எதையும் விடாமல்.

அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு கொத்து ஆய்ந்தாள்.

"அட்டை ஒடுங்கலாத்தான் இருந்துச்சா?"

"ஆமாத்தை."

"எவ்வளவு?"

"ஒரு சென்டிமீட்டர் வரும்."

காம்பைத் தூரப் போட்டாள். "அப்பம் என் கை சரியாத்தான் சொல்லியிருக்கு."

நான் தலையை ஆட்டினேன். அழுதுவிடுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. அவளும் அழவில்லை. அழுகிற வேலையை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஏதோ தடுத்தது.

"வா. உங்கப்பாட்ட சொல்லு."

"இப்பவா?"

"இப்பம்தான்."

அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். நான் இரண்டாம் தடவையாகச் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளையில செஞ்சதுட்டி. அதப் போய் இப்பம்…" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அவ இங்கன இருந்ததுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார். பேப்பரை மறுபடி விரித்தார். "சரி, காப்பி போடு, மணி நாலாயிட்டு."

தினமும் நாலு மணிக்கு அந்த வீட்டில் அப்படித்தான் குரல் கேட்கும். குரல் முடியும் முன் அத்தை அடுப்படியில் இருப்பாள். அன்று அவள் உள்ளே வந்து, அப்பாவுக்கு எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அடுப்பு அங்கனதாண்ணே இருக்கு" என்றாள்.

அப்பா புரியாமல் பார்த்தார். நான் எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றாள் அத்தை.

உட்கார்ந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"தூளு எங்கன இருக்கு?" என்றார் உள்ளேயிருந்து.

"மேல்தட்டுல…" என்று ஆரம்பித்தேன்.

"நீ சொல்லாத. அவுகளே தேடட்டும்." அத்தை காலை நீட்டி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"ராத்திரிக்கு நீ என்ன செய்யப் போற?" என்றாள்.

சாப்பாட்டைச் சொல்கிறாள் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எனக்கு என்னென்ன சமைக்கத் தெரியும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ரசம். முட்டைப் பொரியல். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. முப்பத்திரண்டு வயதில், அந்த வீட்டில் நான் ஒரு வேளைகூடச் சமைத்ததில்லை.

"ரசம்" என்றேன்.

"சரி, போ. புளியக் கரைச்சு வை."